அண்ணன் ஜெயித்தால் தம்பிக்கு ஏன் கோபம்?

குன்னூரில் மழை பிடித்தால் எளிதில் விடாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மலையின் கிழக்குச் சரிவில் அடித்து ஊற்றும். மேட்டுப்பாளையம் பாதையில் பாறை உருளும். மலை ரெயில் நின்றுவிடும். கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுவார்.

விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் எங்கே போவது? சிம்ஸ் பூங்காவில் புல் எல்லாம் நனைந்து கிடக்கும். தேயிலைத் தோட்டத்துப் பாதை வழுக்கும். மூடுபனி வாசல் வரை வந்து நிற்கும். பிள்ளைகள் கம்பளிக்குள் புகுந்துகொண்டு செல்போனை எடுத்து விடுகிறார்கள்.

அண்ணனும் தம்பியும் உள்ள வீடாக இருந்தால், பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் கால் மணி நேரம் சிரிப்பு. அடுத்த கால் மணி நேரம் கூச்சல். அதற்கும் பிறகு, "இனிமேல் உன்னோடு ஆடவே மாட்டேன்!" என்று சின்னவன் போனை மெத்தையில் எறிகிறான். "போடா, அழுகுணி!" என்கிறான் பெரியவன். அடுப்படியில் இருந்து தாயார் ஓடி வருகிறார். போன் பீரோவுக்குள் போகிறது.

"எல்லாம் இந்தப் பாழாய்ப்போன விளையாட்டால் வந்த வினை" என்று தாயார் சொல்கிறார். அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் மறுநாளே அந்தச் சின்னவன் அண்ணனிடம் வந்து, "ஒரே ஒரு ஆட்டம், அண்ணா" என்று நிற்கிறானே! அது ஏன்? நேற்று அழவைத்த ஆட்டம் இன்று எப்படி இனிக்கிறது?

இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்த்தால், பீரோவைப் பூட்டுவதைவிட நல்ல வழி தென்படும்.

100 பேர், ஒரு தீவு

செல்போன் விளையாட்டு என்றால் என்னவென்றே அறியாத பெற்றோர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லலாம்.

"பப்ஜி" என்று பிள்ளைகள் சொல்லும் விளையாட்டில் 100 பேர் ஒரு விமானத்தில் ஏறி, ஒரு தீவில் பாராசூட் மூலம் குதிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு செல்போன். ஒருவர் குன்னூரில் இருப்பார். மற்றவர் குவாலியரில் இருப்பார். தீவில் கிடக்கும் துப்பாக்கிகளைத் தேடி எடுத்து, ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்த வேண்டும். நேரம் ஆக ஆக, நிற்கக்கூடிய இடம் ஒரு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் யார் மிஞ்சுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஏறக்குறைய அரை மணி நேர ஆட்டம். தனியாகவும் ஆடலாம். நான்கு பேர் ஒரு கோஷ்டியாகவும் ஆடலாம். இரண்டு பேர் மட்டும் நேருக்கு நேர் மோதுவதற்கும் வழி உண்டு. அண்ணன்-தம்பி சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது!

2020-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் இந்த விளையாட்டும் ஒன்று. 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று தனிப் பெயருடன் அது திரும்பி வந்தது. 2022 ஜூலையில் மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2023 மே மாதம் மீண்டும் வந்தது. இந்த முறை ஒரு கட்டுப்பாட்டுடன் வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாது. பெரியவர்களுக்கு 6 மணி நேரம். (தகப்பனாரின் பெயரில் ஆடும் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் என்பதைத் தகப்பனார்தான் கண்டுபிடிக்க வேண்டும்!)

யந்திரம் சேர்க்கும் ஜோடி

இனி, கோபத்தின் காரணத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஆர்பட் ஈலோ என்ற பேராசிரியர் இருந்தார். ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். பவுதிகம் கற்பித்தவர். நல்ல சதுரங்க ஆட்டக்காரர். ஒரு ஆட்டக்காரரின் திறமையை ஓர் எண்ணாக எழுத அவர் ஒரு கணக்கு வகுத்தார். ஜெயித்தால் எண் ஏறும். தோற்றால் இறங்கும். பலசாலியை ஜெயித்தால் அதிகம் ஏறும். 1970-ல் உலக சதுரங்க சம்மேளனம் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. இன்றும் அதுதான் நடைமுறை.

அந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. இருவரும் சம எண் உள்ளவர்கள் என்றால், ஆளுக்குப் பாதி வெற்றி. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலசாலிக்கு 100-க்கு 76 கிடைக்கும். 400 புள்ளி வித்தியாசம் என்றால் 100-க்கு 91!

இன்றைய வீடியோ விளையாட்டுகள் பல இதே மாதிரியான கணக்கைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரோடு உங்கள் பிள்ளை மோதும்போது, அந்த ஆளை யந்திரம் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து வருவதில்லை. ஏறக்குறைய சம பலம் உள்ளவராகப் பார்த்து ஜோடி சேர்க்கிறது. அதனால் இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றாவது ஜெயிக்க முடிகிறது. ஜெயிக்கும் ஆசை தீராமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

வீட்டுக்குள் அப்படிப்பட்ட யந்திரம் எது? அண்ணனுக்கு 15 வயது, தம்பிக்கு 11 என்று வையுங்கள். அண்ணனின் கட்டை விரல் வேகமானது. எந்த வீட்டு மாடியில் எதிரி பதுங்குவான், எந்த மேட்டில் நின்றால் சுடலாம் என்பது அவனுக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு வீட்டில் உள்ள இரண்டு போன்களில் நல்ல போன் அவன் கையில்! தம்பி 10 முறை மோதினால் 9 முறை தோற்கிறான். அந்நியரிடம் 10 முறை மோதி 5 முறை ஜெயித்தவன் அவன். அவனுக்குக் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. குவாலியர்க்காரரிடம் தோற்றால், போனை அணைத்ததும் அவர் மறைந்துவிடுவார். அண்ணன் மறைவதில்லை. இரவு சாப்பாட்டுக்கு எதிரில் வந்து உட்காருகிறான். "9 தடவை!" என்று விரலைக் காட்டுகிறான். ஆட்டத்தில் தோற்றதைவிட அந்த விரல்தான் தம்பியைச் சுடுகிறது.

பெரியவனுக்கும் இதில் இன்பம் நீடிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போதும் ஜெயிக்கும் ஆட்டம் சப்பென்று போய்விடுகிறது. அவன் தம்பியை விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அந்நியர்களோடு ஆடப் போகிறான். பிள்ளைகள் தனித்தனி அறையில், தனித்தனி போனில் முடங்குவது இப்படித்தான் ஆரம்பம். சண்டை போடும் இரண்டு பிள்ளைகளைவிட, சண்டையே போடாமல் தனித்தனியே கிடக்கும் இரண்டு பிள்ளைகளைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் கவலைப்பட வேண்டும்.

நீலகிரிக்குத் தெரிந்த வித்தை

ஏற்றத்தாழ்வு உள்ள இருவரை எப்படிச் சமமாக மோதவிடுவது? இந்த வித்தை நீலகிரிக்குப் புதியது அல்ல.

குன்னூரில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் ஊட்டி இருக்கிறது. அங்கே நீண்ட காலம் குதிரைப் பந்தயம் நடந்தது. 2024-ல் அரசு அந்த மைதானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பந்தயத்தில் பணத்தைத் தொலைத்தவர்களின் கதை வேறு. ஆனால் அங்கே ஒரு முறை இருந்தது. ஜெயித்து வரும் குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுவார்கள். பலவீனமான குதிரைக்கு எடை குறைவு. எல்லாக் குதிரைகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்து முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

ஊட்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உலகமெங்கும் ஆடப்படும் "ஸ்னூக்கர்" என்ற மேஜைப் பந்து ஆட்டத்துக்கு 1882-ல் விதி எழுதப்பட்டது ஊட்டி கிளப்பில்தான். 1875-ல் ஜபல்பூரில் அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி. (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சேம்பர்லேன் வேறு ஆள்.) ஸ்னூக்கர் ஆடும் கிளப்புகளில், தேர்ந்த ஆட்டக்காரர் கற்றுக்குட்டிக்குச் சில புள்ளிகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் வழக்கம் உண்டு. கற்றுக்குட்டி 20 புள்ளியில் தொடங்குவார். தேர்ந்தவர் பூஜ்யத்தில் தொடங்குவார். பிறகு பார்க்க வேண்டும், தேர்ந்தவர் எவ்வளவு கவனமாக ஆடுகிறார் என்று!

வீடியோ விளையாட்டிலும் இதை யோசித்தவர்கள் உண்டு. ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1992-ல் ஒரு கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. "மரியோ கார்ட்" என்று பெயர். அதில் பின்தங்கி ஓடுகிறவருக்கு நல்ல நல்ல ஆயுதங்கள் கிடைக்கும். முன்னே ஓடுகிறவருக்கு வாழைப்பழத் தோல்தான்! 1996-ல் வந்த அடுத்த பதிப்பில், முதலாவதாக ஓடுகிறவரையே தேடிப் போய்த் தாக்கும் நீல நிற ஆமை ஓடு ஒன்றையும் சேர்த்தார்கள். திறமைசாலிகள் இதை அநியாயம் என்று திட்டுகிறார்கள். ஆனால் தாத்தாவும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டாக அது நிலைத்துவிட்டது.

நம் தெருவுக்கும் இது தெரியும். ஓடிப்பிடித்து விளையாடும்போது, ஒரு வீட்டின் கடைக்குட்டியும் சேர்ந்துகொள்வேன் என்று அழும். உடனே பெரிய பிள்ளைகள், "அவன் ஒப்புக்குச் சப்பாணி" என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவன் "அவுட்" ஆவதில்லை.

ஆனால் ஒப்புக்குச் சப்பாணியில் ஒரு சங்கடம் இருக்கிறது. 5 வயதுப் பிள்ளை அதில் மகிழ்ந்துபோகும். 11 வயதுப் பிள்ளைக்கு அது அவமானம். அண்ணன் வேண்டும் என்றே தோற்றுக்கொடுத்தால், தம்பி கண்டுபிடித்துவிடுவான். "நீ விட்டுக்கொடுத்தாய்" என்று முன்னைவிட அதிகமாகக் கோபிப்பான். ஆகவே, சலுகை ரகசியமாக இருக்கக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் வாய்விட்டுப் பேசி வைத்துக்கொண்ட விதியாக இருக்க வேண்டும். "நான் கைத்துப்பாக்கி மட்டும்தான் எடுப்பேன். நீ எதை வேண்டுமானாலும் எடு." "எனக்கு 10 வெற்றி வேண்டும். உனக்கு 4 போதும்." "இந்த வாரம் நல்ல போன் உனக்கு." இப்படி ஏதாவது ஒன்று. தம்பி மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தால் சலுகையைக் குறைத்துவிட வேண்டும். குதிரைக்கு எடை கூட்டுவது போலத்தான்! அந்தக் குறைப்பையே தம்பி ஒரு பதக்கமாக நினைப்பான்.

ஒரே பக்கத்தில் நின்றால்?

"எதிரெதிராக ஆடுவானேன்? இருவரும் ஒரே கோஷ்டியில் சேர்ந்து ஆடக் கூடாதா?" என்று கேட்கலாம். ஆடலாம். அதில் இன்பமும் அதிகம். ஆனால் அங்கும் ஒரு முள் உண்டு. அண்ணன் உயர்ந்த தரத்தில் இருக்கிறான். அவனோடு சேர்ந்து இறங்கும் தம்பி, அண்ணனுக்குச் சமமான பலசாலிகளின் நடுவே போய் விழுகிறான். உடனே சுடப்படுகிறான். "உன்னால்தான் தோற்றோம்!" என்கிறான் அண்ணன். எதிரியிடம் தோற்றால் ஒரு மடங்கு கோபம். சொந்தக் கோஷ்டிக்காரனே திட்டினால் இரண்டு மடங்கு.

வேலையைப் பிரித்துக்கொண்டால் இது குறையும். வண்டி ஓட்டுவது தம்பி, சுடுவது அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து தேடிச் சேர்ப்பதும், எதிரி வருகிறானா என்று காவல் பார்ப்பதும் சின்ன வேலைகள் அல்ல. எங்கே குதிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைத் தம்பிக்கே கொடுத்துப் பார்க்கட்டும். தீவில் அவன் போகச் சொன்ன இடத்துக்கு அண்ணன் போகிறான் என்பதே அவனுக்குப் பெரிய திருப்தி.

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து ஆடிப் புகழ் பெற்ற கதைகள் உலகில் உண்டு. பாகிஸ்தானில் கராச்சியைச் சேர்ந்த சுமெய்ல் ஹசன் என்ற சிறுவர், "டோட்டா 2" என்ற வீடியோ விளையாட்டில் 2015-ல் உலகப் பட்டம் வென்ற கோஷ்டியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 16. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த அந்தப் போட்டியில் அவரது கோஷ்டிக்குக் கிடைத்த பரிசு 66 லட்சம் டாலர்! அவருடைய அண்ணன் யாவரும் அதே விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர். உலகப் பட்டம் தம்பிக்குக் கிடைத்தது. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 2019-ல் அந்தத் தம்பி, அண்ணன் இருந்த கோஷ்டியில் வந்து சேர்ந்தார். சில மாதங்கள் இருவரும் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். பிறகு 2020 தொடக்கத்தில் தம்பி வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார்.

சென்னையின் அக்காளும் தம்பியும்

இதைவிட நமக்கு நெருக்கமான கதை சென்னையில் இருக்கிறது. சதுரங்க வீராங்கனை வைஷாலி; அவருடைய தம்பி பிரக்ஞானந்தா. இருவருக்கும் இடையே நான்கு வயது வித்தியாசம். வைஷாலி சிறுமியாக இருந்தபோது டெலிவிஷன் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காகப் பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்காள் ஆடுவதைப் பார்த்துத் தம்பியும் காய்களைத் தொட்டார்.

அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2018-ல் தம்பி 12 வயதிலேயே "கிராண்ட் மாஸ்டர்" ஆகிவிட்டார்! வழிகாட்டிய அக்காள் அதே படியைத் தொட 2023 டிசம்பர் வரை ஆயிற்று. இடையில் ஐந்து ஆண்டுகள். ஒரே வீடு. ஒரே பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். ஒரே விளையாட்டு. அந்த ஐந்து ஆண்டுகளில் காய்களை மூட்டை கட்டி வைக்காமல் அக்காள் ஆடிக்கொண்டே இருந்தார் என்பது சாதாரண விஷயம் அல்ல. உலகில் அக்காளும் தம்பியும் கிராண்ட் மாஸ்டர்களாக இருப்பது இதுவே முதல் தடவை.

அந்த ஐந்து ஆண்டுகளின் நடுவே ஒரு சம்பவம். 2020-ம் ஆண்டு. கொரோனாக் காலம். யாரும் வெளியே போக முடியாது. உலக சதுரங்க சம்மேளனம் ஒலிம்பியாட் போட்டியை இன்டர்நெட் மூலமாகவே நடத்தியது. ஒவ்வொரு கோஷ்டியிலும் ஆண்கள், பெண்கள், இளைஞர்கள் எல்லோரும் கலந்து இருக்க வேண்டும் என்பது விதி. விசுவநாதன் ஆனந்த் இடம்பெற்ற இந்தியக் கோஷ்டியில் அக்காளும் இருந்தார். தம்பியும் இருந்தார். ஆகஸ்டு 30-ந் தேதி ரஷியாவுடன் இறுதிப் போட்டி. ஆட்டத்தின் நடுவே இன்டர்நெட் கோளாறு! இந்தியாவின் இளம் ஆட்டக்காரர்கள் இருவருக்குத் தொடர்பு அறுந்துபோயிற்று. முடிவில் இரு நாடுகளுக்கும் சேர்த்துத் தங்கப் பதக்கம் அறிவித்தார்கள்.

ஒரு திரையில் இருந்து மகளைப் பிரிக்கச் சதுரங்கப் பலகையை வாங்கிக் கொடுத்த வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் இன்னொரு திரையின் முன் உட்கார்ந்து நாட்டுக்காக ஆடினார்கள். 2024-ல் புடாபெஸ்ட் நகரில் நேருக்கு நேர் நடந்த ஒலிம்பியாடில் இந்திய ஆண்கள் கோஷ்டிக்கும் தங்கம், பெண்கள் கோஷ்டிக்கும் தங்கம். தம்பி ஒன்றில், அக்காள் மற்றொன்றில்.

சட்டம் எது வரை?

வீடியோ விளையாட்டு பற்றி அரசு சும்மா இருக்கவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தில் பலர் சொத்தையும் உயிரையும் இழந்த பிறகு, தமிழ்நாடு சட்டசபை 2022-ல் ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் அதற்குக் கவர்னரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவாக இருந்தாலும், அது திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, அதை நடத்துவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை. ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. அதே சட்டம், பரிசுக்காக நடத்தப்படும் திறமைப் போட்டிகளை "இ-ஸ்போர்ட்ஸ்" என்று அங்கீகரிக்கவும் செய்கிறது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்த வகைப் போட்டிகளுக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

ஆகவே பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை ஆடும் விளையாட்டில் பணம் போகிறதா என்பதை. சூதாட்டம் அல்லாத விளையாட்டிலும் பொம்மை வீரனுக்குச் சட்டை வாங்க, துப்பாக்கிக்கு வர்ணம் பூச என்று கடை விரித்திருப்பார்கள். அந்தச் சட்டையைப் போட்டால் குண்டு படாமல் போகாது! தம்பிக்கு அழகான சட்டை இல்லையே என்ற ஏக்கத்தில், தகப்பனாரின் பாங்குக் கணக்கில் இருந்து பணம் போய்விடக் கூடாது.

இரண்டாவது, ஆட்டம் பிள்ளையை விழுங்கிவிட்டதா என்பது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் "வீடியோ விளையாட்டுக் கோளாறு" என்று ஒரு நோயைப் பட்டியலில் சேர்த்தது. தினமும் ஆடுவதாலேயே அது நோய் ஆகிவிடாது. படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல், பெரும்பாலும் ஓராண்டு காலம் இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர். அப்படித் தோன்றினால் டாக்டரிடம் போக வேண்டும்.

இந்த இரண்டும் இல்லை என்றால், மிஞ்சுவது அண்ணன்-தம்பி தகராறுதான். அதைத் தீர்த்துவைக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. வீட்டில்தான் விதி எழுத வேண்டும். அதற்குத் தாயாரோ தகப்பனாரோ ஒரு ஆட்டத்தையாவது பக்கத்தில் உட்கார்ந்து முழுமையாகப் பார்க்க வேண்டும். யார் எவ்வளவு பலசாலி, யார் கையில் எந்தப் போன், யார் யாரைக் கேலி செய்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். "இன்னும் பத்து நிமிடம்" என்று கெடு வைப்பது இந்த ஆட்டங்களுக்குப் பொருந்தாது என்பதும் விளங்கும். பாதி ஆட்டத்தில் போனைப் பிடுங்கினால், கோஷ்டியில் உள்ள மற்ற மூவரையும் அவன் நடுவழியில் விட்டுவிட்டு ஓடியவன் ஆகிறான். அந்த மூவரில் ஒருவன் அவனுடைய தம்பியாகவே இருக்கலாம்! நிமிடக் கணக்கை விட்டு, ஆட்டக் கணக்கில் பேசுவது மேல். "மழை நாளில் இரண்டு ஆட்டம். ஒன்று எதிரெதிராக, ஒன்று சேர்ந்து. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் போன் என் கைக்கு வர வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். எந்த ஆட்டத்தை முதலில் ஆடுவது என்பதைச் சின்னவனிடமே கேட்கலாம்.